பிளாக், இன்லைன்: வலைப்பக்கத்தில் எது எங்கே உட்காருகிறது, ஏன்?

வலைப்பக்கத்தில் ஒரு டேக்குக்கு (தலைப்பு, பத்தி, படம் என்று ஒவ்வொரு பகுதியையும் குறிக்கும் குறி) அகலம் 200 பிக்சல் என்று எழுதுகிறோம், கேட்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு டேக்குக்கு அதே வரியை எழுதுகிறோம், அசையவே மாட்டேன் என்கிறது. எழுத்துப்பிழையோ என்று நாலு தடவை சரிபார்க்கிறோம். பிழை எதுவும் இல்லை. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைக் கற்கத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும் இடம் இது. அந்த இரண்டு டேக்குகளில் ஒன்று பிளாக், மற்றது இன்லைன். விஷயம் அவ்வளவுதான், ஆனால் இது பிடிபடாமல் மேலே போனால் ஒவ்வொரு பக்கத்திலும் தடுக்கி விழ வேண்டியிருக்கும்.

பல பாடங்களில் இதை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுவார்கள்: இவை பிளாக், இவை இன்லைன், மனப்பாடம் செய்துகொள் என்று. அப்படிப் படித்தது நிற்காது. கண்ணால் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும், அப்புறம் மறக்காது. அதனால் இதைப் படித்துக்கொண்டே நீங்களும் ஒரு பக்கம் செய்யுங்கள். எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்கு நான் செய்து கொடுத்த சின்னப் பக்கத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். டேக் பெயர்களையும் சிஎஸ்எஸ் (பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் மொழி) சொற்களையும் தமிழில் எழுதுகிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஃபைலைத் தயார் செய்யுங்கள்

நோட்பேட் போதும். முதல் வரியில் டாக்டைப் வரியை எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் பிரவுசர் இதைப் பழைய காலத்துப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு சில இடங்களில் பழைய விதிகளின்படி காட்டும். நான் சொல்வதும் நீங்கள் பார்ப்பதும் ஒத்துப்போகாமல் போகலாம். ஹெட் பகுதியில் எழுத்துக் குறியாக்க முறை யூடிஎஃப்-8 என்று மெட்டா டேக் போடுங்கள், சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8 ஆகவே சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியும்.

பாடிக்குள் நாலே விஷயம். எச்1 டேக்கில் "தையல் கடை" என்று தலைப்பு. பி டேக்கில் ஒரு பத்தி: "ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் அளவெடுத்துத் தைத்துத் தரப்படும். பழைய துணியைப் பிரித்தும் தைப்போம். ஞாயிறு விடுமுறை. அவசரம் என்றால் இப்போதே அழைக்கவும். துணியைக் காலையில் கொடுத்தால் மறுநாள் மாலை வாங்கிக்கொள்ளலாம்." இதில் "ஞாயிறு விடுமுறை" என்ற இரண்டு சொல்லை மட்டும் ஸ்ட்ராங் டேக்குக்குள் வையுங்கள். "இப்போதே அழைக்கவும்" என்பதை ஏ டேக்குக்குள் வைத்து லிங்க் ஆக்குங்கள். பத்திக்குக் கீழே ஒரு டிவ் டேக், அதற்குள் ஐஎம்ஜி டேக்கில் ஏதாவது ஒரு படம்.

முதல் படி: பெட்டிகளைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

வலைப்பக்கத்தில் ஒவ்வொரு டேக்கும் ஒரு பெட்டிதான். கோடு இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. ஸ்டைல் டேக் ஒன்று போட்டு, நட்சத்திரக் குறிக்கு அவுட்லைன் 1 பிக்சல் சாலிட் ரெட் என்று எழுதுங்கள். நட்சத்திரம் என்றால் பக்கத்தில் உள்ள எல்லாம். பார்டர் போடாமல் அவுட்லைன் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பார்டர் தானே ஒரு பிக்சல் இடம் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளும், அவுட்லைன் இடம் எடுக்காது, உள்ளதை உள்ளபடி காட்டும்.

பிரவுசரில் திறந்து பாருங்கள். "தையல் கடை" என்பது ஒரு விரற்கடை அளவு எழுத்துதான், ஆனால் அதன் சிவப்புப் பெட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போகிறது. பத்தியின் பெட்டியும் அப்படியே. இதுதான் பிளாக்: எழுத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் யாரையும் உட்கார விடாது. அடுத்தது கீழேதான் வர வேண்டும். அடுக்குப் பானை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. வித்தியாசம், இது மேலிருந்து கீழே அடுக்கப்படுகிறது.

ஸ்ட்ராங் பெட்டி அப்படியில்லை. "ஞாயிறு விடுமுறை" என்ற சொற்களை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முன்னும் பின்னும் பத்தியின் மற்ற சொற்கள் தொடர்கின்றன. ஏ டேக்கும் அதே. இது இன்லைன்: பூச்சரத்தில் நடுவே வைத்துக் கட்டிய மரிக்கொழுந்து மாதிரி, சரத்தோடு சேர்ந்து போகும்.

இரண்டாம் படி: ஜன்னலைச் சுருக்குங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

அவுட்லைனை அப்படியே விட்டு, ஸ்ட்ராங் டேக்குக்கு மட்டும் 3 பிக்சல் நீல பார்டர் கொடுங்கள். இப்போது பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுங்கள். பத்தியின் பெட்டி அகலம் குறைந்து உயரம் கூடுகிறது. எப்போதும் ஒரே செவ்வகம்தான். இன்னும் இழுங்கள். ஒரு கட்டத்தில் "ஞாயிறு" என்ற சொல் ஒரு வரியின் கடைசியிலும் "விடுமுறை" அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும். அங்கே நிறுத்தி நீல பார்டரை உற்றுப் பாருங்கள். "ஞாயிறு" என்ற சொல்லுக்கு இடப்பக்கம் கோடு இருக்கிறது, வலப்பக்கம் இல்லை. "விடுமுறை"க்கு வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் இல்லை. நீள ரிப்பனைக் கத்தரித்து இரண்டு வரியில் வைத்த மாதிரி இருக்கிறது.

இன்லைன் பெட்டி ஒரு செவ்வகம் இல்லை. வரி உடையும் இடத்தில் அதுவும் உடையும். இதைப் பார்த்த பிறகு யோசித்துப் பாருங்கள்: இரண்டு துண்டாகக் கிடக்கும் ஒன்றுக்கு "அகலம் 200 பிக்சல்" என்று சொன்னால் எந்தத் துண்டுக்கு அந்த அகலம்? பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இன்லைனுக்கு அகலமும் உயரமும் கொடுத்தால் பிரவுசர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

மூன்றாம் படி: அளவு கொடுத்துப் பாருங்கள்

நீல பார்டரை எடுத்துவிடுங்கள். பி டேக்குக்கும் ஸ்ட்ராங் டேக்குக்கும் அகலம் 200 பிக்சல் கொடுங்கள். பத்தி சுருங்கும், ஸ்ட்ராங் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பத்தி சுருங்கியதால் வலப்பக்கம் நிறைய இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் டிவ் மேலே ஏறி வந்து அங்கே உட்காரவில்லை. அகலத்தைக் குறைத்தாலும் பிளாக் பிளாக்தான்.

மார்ஜினும் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) இப்படித்தான். இன்லைனுக்கு இடது வலது மார்ஜின் வேலை செய்யும், மேல் கீழ் மார்ஜின் வேலை செய்யாது. பிளாக்குக்கு நாலு பக்கமும் வேலை செய்யும். ஆனால் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும் இரண்டு பிளாக்குகளின் மார்ஜின்களைப் பிரவுசர் கூட்டுவதில்லை, பெரியது எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். வழக்கமான 16 பிக்சல் எழுத்தளவில் எச்1 டேக்குக்குக் கீழே 21.44 பிக்சல், பி டேக்குக்கு மேலே 16 பிக்சல் மார்ஜினைப் பிரவுசரே போடுகிறது. இரண்டுக்கும் நடுவே நீங்கள் காண்பது 37.44 இல்லை, 21.44 தான். இடைவெளிக் கணக்கு உதைக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேடிங்கில்தான் (பெட்டிக்கு உள்ளே எழுத்தைச் சுற்றி விடும் இடைவெளி) நான் வசமாக மாட்டினேன். அந்த அக்காவின் பக்கத்தில் "இப்போதே அழைக்கவும்" என்ற லிங்க் பொத்தான் மாதிரி தெரிய வேண்டும் என்று நினைத்து, மஞ்சள் பேக்ரவுண்டும் சுற்றிலும் 20 பிக்சல் பேடிங்கும் கொடுத்தேன். கணினியில் பத்தி ஒன்றரை வரிதான், லிங்க் முதல் வரியில் இருந்ததால் பார்க்க நன்றாகவே இருந்தது. அவர் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஞாயிறு விடுமுறைங்கறது காணோமே" என்றார். வாங்கிப் பார்த்தால், போனில் பத்தி ஆறேழு வரியாக உடைந்து, மஞ்சள் பட்டை மேல் வரியின் மேலே ஏறி அந்த எழுத்தை மூடியிருந்தது. கீழ் வரியின் எழுத்தோ மஞ்சளின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நீங்களும் அதைச் செய்து பாருங்கள். இன்லைனுக்கு மேலும் கீழும் பேடிங் கொடுத்தால் நிறம் பூசப்படும், ஆனால் வரிகள் விலகி வழிவிடாது. மேல் வரி ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டது, அதன் மேல் மஞ்சள் விழுகிறது. கீழ் வரி அப்புறம் வரையப்படுகிறது, அதனால் அது மஞ்சளுக்கு மேலே தெரிகிறது. வாடிக்கையாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை துணியோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தால் அது என் பேடிங்கால்தான் ஆகியிருக்கும்.

நான்காம் படி: இரண்டுக்கும் நடுவில் ஒன்று

அந்தப் பொத்தானைச் சரிசெய்ய ஒரே வரி போதும். ஒரு பெட்டி பிளாக்கா இன்லைனா என்று சொல்லும் சிஎஸ்எஸ் சொல் டிஸ்ப்ளே. ஏ டேக்குக்கு டிஸ்ப்ளே இன்லைன்-பிளாக் என்று கொடுங்கள். இப்போது அது வரிக்குள்ளேயே நிற்கும், ஆனால் உடையாத ஒரே செவ்வகமாக நிற்கும். அகலம், உயரம், நாலு பக்க மார்ஜின் எல்லாம் கேட்கும். பேடிங் கொடுத்தால் அந்த வரியே உயர்ந்து மற்ற வரிகளுக்கு வழிவிடும். பட்டன், இன்புட், செலக்ட் எல்லாம் பிரவுசரில் இயல்பாகவே இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

விரலால் தொடும் பொத்தான் என்றால் உயரத்தையும் பாருங்கள். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளின் உயர்நிலை அளவு 44 பிக்சல் உயரம், 44 பிக்சல் அகலம். கை நடுங்கும் பெரியவர்களும் தவறாமல் தொட முடியும். வெறும் இன்லைனாக விட்டிருந்தால் அந்த உயரத்தை ஒழுங்காகக் கொடுத்திருக்கவே முடியாது.

இன்லைன்-பிளாக்கில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு டிவ் டேக்குகளை இப்படி மாற்றி ஆளுக்கு 50 சதவீதம் அகலம் கொடுத்தால் பக்கம் பக்கமாக நிற்கும் என்று எதிர்பார்ப்போம். இரண்டாவது கீழே விழும். ஏனென்றால் ஃபைலில் ஒரு டேக்கை முடித்து என்டர் தட்டி அடுத்ததைத் தொடங்கியிருப்பீர்கள். அந்த என்டரைப் பிரவுசர் சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். பாதியும் பாதியும் ஓர் இடைவெளியும் சேர்ந்தால் வரியைத் தாண்டிவிடும். பெட்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்த இப்போது ஃப்ளெக்ஸ் இருக்கிறது, அதையே பழகுங்கள். தாய்ப் பெட்டிக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் கொடுத்தால் போதும். அதற்கு நேரடிப் பிள்ளையாக இருக்கும் ஸ்பான் (எழுத்தின் ஒரு பகுதியைச் சுற்றி வைக்கும் இன்லைன் டேக்) கூட உடனே பிளாக் மாதிரி அகலம் கேட்கத் தொடங்கிவிடும்.

படத்துக்குக் கீழே வரும் அந்தச் சின்ன இடைவெளி

ஐஎம்ஜி டேக் இன்லைன்தான், ஆனால் அகலம் உயரம் கொடுத்தால் கேட்கும். அதன் உள்ளே எழுத்து இல்லை, வெளியிலிருந்து வரும் ஒரு படம் இருக்கிறது. படம் இரண்டாக உடையாது. டிவ் பெட்டியின் சிவப்புக் கோட்டையும் படத்தின் அடியையும் பாருங்கள், நடுவே சில பிக்சல் சந்து தெரியும். மார்ஜின் பூஜ்யம், பேடிங் பூஜ்யம் என்று எது கொடுத்தாலும் போகாது. படம் ஓர் எழுத்தைப் போல வரியில் உட்கார்ந்திருக்கிறது. "கு", "ரு" போன்ற எழுத்துகளின் வால் தொங்குவதற்கு வரிக்குக் கீழே விடும் இடம்தான் அந்தச் சந்து. படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுங்கள், மறைந்துவிடும்.

ஐந்தாம் படி: எதற்குள் எதை வைக்கலாம்

பி டேக்குக்குள் ஒரு டிவ் டேக் வைத்து, டிவ் முடிந்த பிறகும் நாலு சொல் எழுதி, அப்புறம் பி டேக்கை மூடுங்கள். பி டேக்குக்குப் பச்சை நிற எழுத்து கொடுங்கள். டிவ் டேக்குக்கு முன்னால் உள்ளவை மட்டும் பச்சையாகும். எஃப்12 அழுத்தி, பிரவுசர் உங்கள் டேக்குகளை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். டிவ் வந்தவுடனே பிரவுசர் பத்தியைத் தானாகவே மூடிவிட்டிருக்கும். கடைசியில் நீங்கள் எழுதிய மூடும் டேக்குக்குத் திறந்த டேக் இல்லாததால், காலியான புது பி ஒன்றையும் அங்கே உருவாக்கியிருக்கும். பிரவுசர் எந்த எச்சரிக்கையும் தராது. பத்திக்குள் யூஎல் பட்டியல் வைத்தாலும் இதே கதி.

பத்திக்குள்ளும் தலைப்புக்குள்ளும் வரிக்குள் ஓடும் டேக்குகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்லைனுக்குள் பிளாக் கூடாது என்று பழைய பாடங்களில் படித்திருப்பீர்கள். ஏ டேக் அதற்கு விலக்கு. எச்டிஎம்எல்5 வந்த பிறகு, படம், தலைப்பு, விலை எல்லாம் சேர்ந்த ஒரு முழு டிவ் டேக்கை ஏ டேக்குக்குள் வைக்கலாம். ஆனால் ஒரு லிங்க்குக்குள் இன்னொரு லிங்கையோ பட்டனையோ வைக்கக் கூடாது.

பிளாக் என்பது யார் கொடுத்த பட்டம்?

ஒரு சோதனை. ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று நீங்களே ஒரு டேக் உருவாக்கி, பத்தி ஒன்றின் நடுவில் ஒரு சொல்லைச் சுற்றி வையுங்கள். அப்படி ஒரு டேக் எச்டிஎம்எல்லில் கிடையாது. ஆனாலும் பக்கம் உடையாது; அந்தச் சொல் வரியிலேயே நிற்கும். அதாவது அது இன்லைன். டிஸ்ப்ளேவுக்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால் மதிப்பு இன்லைன்தான். டிவ், பி, எச்1 எல்லாம் பிளாக் ஆக இருப்பதற்குக் காரணம், பிரவுசருக்குள் ஏற்கெனவே ஒரு சிஎஸ்எஸ் இருக்கிறது, அதில் இவற்றுக்கு டிஸ்ப்ளே பிளாக் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். உங்கள் சிஎஸ்எஸ்ஸில் "அம்மா"வுக்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுங்கள், அதுவும் முழு அகலத்துக்கு நீட்டி நிமிர்ந்து உட்காரும்.

1997-ல் வந்த எச்டிஎம்எல் 4 விதிகளில் டேக்குகளையே பிளாக் வகை, இன்லைன் வகை என்று பிரித்திருந்தார்கள். 2014-ல் பரிந்துரையாக வெளியான எச்டிஎம்எல்5 அந்தப் பிரிவை விட்டுவிட்டது. எதற்குள் எது வரலாம் என்பதை எச்டிஎம்எல் சொல்கிறது. எப்படித் தெரிய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் சொல்கிறது. எந்த டேக்கையும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம் என்றால் அப்புறம் எச்1 எதற்கு, ஸ்பான் எழுத்தைப் பெரிதாக்கி பிளாக் ஆக்கினால் போதாதா என்று கேட்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் ஒரு விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் பக்கத்தை அறிகிறார். ஸ்பானில் செய்த தலைப்பு அவருக்குத் தலைப்பே இல்லை. பொருளைப் பார்த்து டேக்கைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் தோற்றத்துக்கு டிஸ்ப்ளேவை மாற்றுங்கள். இந்த வரிசையை ஒருபோதும் திருப்பிப் போடாதீர்கள்.

நடுவில் வைப்பது

எழுத்தை நடுவில் வைக்க ஸ்பானுக்கு டெக்ஸ்ட்-அலைன் சென்டர் கொடுத்துவிட்டு நகரவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். ஸ்பான் தன் எழுத்தளவே இருக்கிறது. அதற்குள் நடு ஏது? வெளியே உள்ள பிளாக்குக்கு அந்த வரியைக் கொடுங்கள், உள்ளே இருப்பவை நடுவுக்கு வரும். பிளாக் பெட்டியையே நடுவில் வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஓர் அகலம் கொடுத்து, இடது வலது மார்ஜின் இரண்டையும் ஆட்டோ என்று விடுங்கள்.

தமிழில் எழுதும்போது மட்டும்

நமக்கென்று சில கவனங்கள் உண்டு. சொல்லின் ஒரு பகுதிக்கு நிறம் கொடுக்க ஸ்பான் போடும்போது எழுத்தை நடுவில் வெட்டாதீர்கள். "கொடி" என்ற சொல்லில் "கொ" நம் கண்ணுக்கு மூன்று வடிவமாகத் தெரிந்தாலும் ஃபைலில் அது "க" என்ற எழுத்தும் ஓர் உயிர்க்குறியும்தான். நடுவே டேக் புகுந்தால் கொம்பும் காலும் எங்கோ போய், புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கக்கூடும். முழு எழுத்தையும் ஸ்பானுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் சொற்கள் நீளமானவை. "வாங்கிக்கொள்ளலாம்" போன்ற ஒன்று குறுகிய பெட்டியில் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பத்திக்கு ஓவர்ஃப்ளோ-ராப் பிரேக்-வேர்டு கொடுத்து வையுங்கள். வரி உயரத்தை 1.6 அளவுக்குக் கூட்டுங்கள். கொக்கியும் சுழியும் கொண்ட எழுத்துகள் மேல் வரியோடு முட்டாமல் படிக்க இதமாக இருக்கும்.

எங்காவது ஒரு டேக் சொன்னபடி கேட்கவில்லை என்றால் அதன் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் திறந்து, கம்ப்யூட்டட் பகுதியில் டிஸ்ப்ளே என்ன என்று முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். பக்கத்தை நாலு பேருக்கு அனுப்பும் முன் போனில் ஒரு தடவை திறந்து எல்லா வரியும் தெரிகிறதா என்று படித்துப் பாருங்கள், அப்புறம் அந்தச் சிவப்பு அவுட்லைன் வரியை எடுத்துவிடுங்கள்.